மகள் கேட்ட வண்டி

வாழ்க்கையில் நான் ஒழுங்காக ஓட்டியது இரண்டு வண்டிகள்தான். ஒன்று எனக்கு முன்னால் பிறந்தது. மற்றது என் மகள் வளர்ந்த பிறகு வந்தது. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. ராயபுரத்தில் பருப்பு மண்டி வைத்திருப்பவர். தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்று கூப்பிடுவோம்.

பழையது சீமை வண்டி. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்தது. அண்ணாச்சியின் அப்பா அதை ஏலத்தில் எடுத்தாராம். மேலே கூரை கான்வாஸ் துணி. மடித்துப் பின்னால் தள்ளிவிட்டால் வண்டி முழுக்கத் திறந்து கிடக்கும். இரண்டு பக்கமும் கால் வைத்து ஏற நீளமான பலகை உண்டு. பின் சீட்டு சோபா மாதிரி. அதில் உட்கார்ந்த ஆளைத் தெருவில் நிற்கிற எல்லோரும் பார்க்கலாம்.

அண்ணாச்சி அதைக் கல்யாணங்களுக்கு அனுப்புவார். இருபத்திரண்டு வருடம் நான்தான் ஓட்டினேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், அந்தப் பக்கம் எர்ணாவூர் வரை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. அம்மன் கோயிலில் பெண்ணுக்கு மாலை போட்டு, கையில் எலுமிச்சம்பழம் கொடுத்து, அங்கிருந்து மண்டபத்துக்கு வண்டியில் கூட்டிப்போவார்கள். முன்னால் பேண்டு செட். அடுத்து ஆடுகிறவர்கள். அதற்குப் பின்னால் வண்டி. பெண் வளர்ந்த தெரு வழியாகத்தான் போக வேண்டும். வாசலுக்கு வாசல் வண்டி நிற்கும். பெண்கள் பலகையில் ஏறி நின்று ஆரத்தி சுற்றுவார்கள். வாயில் சர்க்கரை போடுவார்கள். கன்னத்தைத் தொட்டு நெட்டி முறிப்பார்கள். சிலர் அழுவார்கள். எங்கள் தெரு சின்னத் தெரு. அதைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். அது தெருவுக்கு உள்ள உரிமை.

அந்த வேகத்தில் ஓட்டுவது சுலபம் இல்லை. முதல் கியரில் போட்டுவிட்டு ஆக்சிலேட்டரைத் தொடாமல் இருக்க வேண்டும். பேண்டில் கடைசியாக நடக்கிறவனின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அவன் தூக்கினால் கிளட்ச்சை விடுவேன். வைத்தால் மிதிப்பேன். பின்னால் பெண்ணின் மடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் அது உருளக்கூடாது. நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவு அது.

வண்டிக்கு வியாதி உண்டு. மெதுவாகப் போனால் தண்ணீர் கொதிக்கும். பெட்ரோல் போகிற குழாய் சூடேறினால் நின்றுவிடும். குழாயில் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் மறுபடி எடுக்கும். ஒரு கேன் தண்ணீரும் பழைய துணியும் எப்போதும் என் காலடியில் இருக்கும். அத்தனை வருடத்தில் நடுரோட்டில் நின்றது மூன்று முறை.

ஒரு முறை தேரடிப் பக்கம் நின்றது. பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். பேண்டு மாஸ்டர் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா தலைவரே, கெயவிக்கு மூச்சு வாங்குதா?"

"பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா? எங்க ஆளுங்களுக்கு ஊதி ஊதி வாயே வீங்கிட்ச்சு. ஒண்ணு பண்ணு. பொண்ண நடக்கவுடு. கெயவிய இட்டும்போய் மணையில குந்தவெச்சிடலாம். மாப்ள வேணான்னா சொல்லப்போறான்?"

கூட்டம் சிரித்தது. மணப்பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் தாய்மாமன் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்தான். காலரைப் பிடித்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பெண் சிரித்தது மறந்துபோனது. என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சியின் மகன் புது வண்டி எடுத்தார். வெளிநாட்டு வண்டி. வெள்ளை நிறம். லாரி மாதிரி உயரம். முதல் நாள் சாவி போடுகிற ஓட்டையைத் தேடினேன். சின்ன முதலாளி சிரித்துக்கொண்டே ஒரு பட்டனைக் காட்டினார். அழுத்தினேன். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த வண்டியை அணைத்திருக்கிறேன்.

பொய் சொல்லக்கூடாது. எனக்கு அந்த வண்டி பிடித்தது. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரி வரிசையில் மூன்று மணி நேரம் நின்றாலும் ஒரு சொட்டு வியர்க்காது. வெளியே டீசல் புகை, தூசி, மணலி ஆலை நாற்றம். எதுவும் உள்ளே வராது. பழைய வண்டியின் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்து எனக்கு வலது தோள் இறங்கிப்போயிருந்தது. இதற்கு ஒரு விரல் போதும். யாராவது குறுக்கே வந்தால் அதுவே பிரேக் போட்டுக்கொள்ளும். பக்கத்தில் ஆள் வந்தால் கீ கீ என்று கத்தும். எவ்வளவு நல்ல குணம் என்று நினைத்தேன்.

அண்ணாச்சி ஒரு நாள் கேட்டார்.

"என்னவே, ரெண்டுல எது நல்ல வண்டி?"

"புதுசுதான் அண்ணாச்சி."

"மெதுவாச் சொல்லும். எங்கய்யா காதுல விழுந்தா கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து உம்ம முதுகுல போடுவாரு."

எனக்கு ஒரே மகள். சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை நான் குடோனில் பழைய வண்டியைக் கழுவப் போகும்போது கூட வருவாள். வண்டி ஈரமாக இருக்கும்போதே பின் சீட்டில் ஏறிவிடுவாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் தலையைத் திருப்பி வாயைத் திறந்து திறந்து மூடுவாள்.

"இன்னாம்மே பண்ற?"

"சக்கர துன்னுகினு கீறேன் நைனா. பேசாத."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்லுவாள். "என் கல்யாணத்துக்கும் நீதான் ஓட்டணும்."

"ஓட்டுறேன்."

"வேற யார்னா ஓட்னா நான் ஏற மாட்டேன்."

எங்கள் தெருவில் அவளோடு வளர்ந்த பெண்கள் ஏழு பேர். ஏழு பேரையும் அந்த வண்டியில் நான்தான் மண்டபத்தில் இறக்கினேன். ஏழு முறையும் அவள் சர்க்கரைக் கிண்ணத்தோடு பலகையில் ஏறுவாள். பெண்ணின் வாயில் போட்டுவிட்டு என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். "நைனா, லைன்ல நான் கீறேன். மறந்துடாத."

அவளுக்கு வியாசர்பாடியில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் தங்கமானவன். கம்பெனியில் சம்பள வேலை. வீட்டில் பேச்சு வார்த்தை எல்லாம் அவனுடைய அண்ணன்தான். நிச்சயதார்த்தச் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அந்த அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பொண்ணழைப்புக்கு இன்னா வண்டி?"

"மொதலாளி வண்டி கீது. பழசு. தெறந்த வண்டி."

"தேரடியாண்ட ஒரு தபா நடுரோட்ல பட்த்துக்கிச்சே, அந்த டப்பாவா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தப்பா எடுத்துக்காத மாமா. எங்க ஆளுங்க வாயி ஒரு மாதிரி. நீ முன்னால குந்திகினு ஓட்டிகினு வந்தா யாரு இவருன்னு கேப்பாங்கோ. நான் டிரைவர்னு சொல்றதா, பொண்ணோட அப்பான்னு சொல்றதா? நீ சோக்கா பட்டு வேட்டி கட்டிகினு கெத்தா நட்ந்து வா. ஓட்றதுக்கு ஆளா இல்ல?"

நான் டிரைவர்தான். பெண்ணின் அப்பனும் நான்தான். இரண்டையும் சேர்த்தே சொல்லுப்பா என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். "சரிப்பா" என்றேன்.

மறுநாள் சின்ன முதலாளியிடம் புது வண்டியைக் கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமாண்ணே, எடுத்துக்குங்க" என்றார். அண்ணாச்சி அங்கேயே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் துவரம்பருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்வே, பழசுக்கு என்ன கொறச்சல்? உம்ம மவ கல்யாணத்துக்குன்னுல்லா பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்கேன்."

"மாப்ள வூட்ல கேக்கறாங்கோ அண்ணாச்சி."

"மாப்பிள்ளை வீட்டுல கேக்குதாவளா, நீரு கேக்குதீரா?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் பருப்பைச் சாக்கில் கொட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"அவளக் கேட்டியா?" என்றாள்.

"பெரிய வண்டி. சந்தோசப்படுவா."

"கேட்டியான்னு கேட்டேன்."

"நீயே சொல்லிடேன்."

"நான் இன்னாத்துக்கு சொல்றது? அது உன்னாண்டதான கேட்டுச்சு. என்னாண்டயா கேட்டுச்சு? வாய் கீதுல்ல, நீயே சொல்லு."

நான் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள்.

"நைனா, வண்டிக்கு ரோஜா கட்டாத. வெயில்ல கறுத்துடும். சம்மங்கி போதும். நம்ம வண்டிக்கு வெள்ளப் பூவுதான் எடுப்பா கீது."

"உம்."

உம் என்றால் எங்கள் வீட்டில் சரி என்று அர்த்தம். அவள் எழுந்து போய் எதிர் வீட்டு அக்காவிடம் சம்மங்கி சம்மங்கி என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அப்போதும் நான் எழுந்து போகவில்லை.

பெண் அழைப்பு அன்று கோயில் வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது. மாப்பிள்ளையின் அண்ணன் அதற்கு ரோஜா சரம் சரமாகக் கட்டியிருந்தான். மகள் மாலையோடு படியில் நின்று அந்த வண்டியைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள்.

"நம்ம வண்டி பின்னால வருதா நைனா?"

"இதான்மா வண்டி."

அவள் டிரைவர் சீட்டைப் பார்த்தாள். அதில் மண்டியின் இன்னொரு டிரைவர் இருந்தார்.

"நீ?"

"நான் நட்ந்து வரேன்."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் என்னைப் போல. படி உயரமாக இருந்தது. பட்டுப்புடவையோடு ஏற முடியவில்லை. இரண்டு பெண்கள் பின்னாலிருந்து தாங்கித் தூக்கிவிட்டார்கள். கதவை யாரும் அடித்துச் சாத்தவில்லை. தொட்டதும் அதுவே மெல்ல இழுத்து மூடிக்கொண்டது. அப்புறம் உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. பின் கண்ணாடி கறுப்பு.

ஓட்டியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மணலிக்காரர். நல்ல டிரைவர். வெளியூர் ரோட்டில் ஓட்டிப் பழகியவர். ஊர்வலம் ஓட்டியதில்லை. பேண்டு ஆரம்பித்தது. ஆடுகிறவர்கள் முன்னால் வந்தார்கள். வண்டி கத்தியது. கொஞ்சம் நகர்ந்தது. யாரோ குறுக்கே ஆடினார்கள். வண்டி தானாகப் பிரேக் போட்டு ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. மூன்றாவது முறை உள்ளே மகளின் நெற்றிச்சுட்டி முன் சீட்டில் இடித்ததாம். பின்னால் சொன்னார்கள்.

டிரைவர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். "அண்ணே, இன்னா பண்றதுன்னே தெரியல. சுத்தி ஆள் நின்னா இது போவ மாட்டேங்குது. ஸ்க்ராட்ச் வுயுந்தா சின்ன மொதலாளி என்ன தொலச்சுடுவாரு."

மாப்பிள்ளையின் அண்ணன் வந்தான். "பேஜாரா கீதே. நீ முன்னால போய்க்கினே இரு பா. பேண்டு பின்னால வர்ட்டும்."

வண்டி முன்னால் போனது. அதற்கு மெதுவாகப் போவது என்றாலே ஆள் எட்டி நடக்கிற வேகம். பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். வாசிப்பு நின்றுவிட்டது. பேண்டு மாஸ்டர் எனக்குப் பழக்கமான அதே ஆள். மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்தார்.

"இன்னா தலைவரே இது, பொண்ணழைப்பா, பொண்ண கட்த்திகினு போறாங்களா?"

எங்கள் தெருவில் எல்லா வாசலிலும் பெண்கள் தட்டோடு நின்றார்கள். கற்பூரம் ஏற்றி வைத்திருந்தார்கள். வண்டி நிற்கும் என்று முன்னால் வந்தார்கள். வண்டி கத்தியது. பின்வாங்கினார்கள். அது போய்விட்டது. ஒரு வாசலிலும் நிற்கவில்லை.

எதிர் வீட்டு அக்கா மட்டும் தட்டோடு கூடவே கொஞ்ச தூரம் ஓடினாள். என் மனைவி வேலைக்குப் போன நாளெல்லாம் என் மகளை இடுப்பில் வைத்திருந்தவள் அவள். கண்ணாடியைத் தட்டிக்கொண்டே ஓடினாள். அவளுக்கு முட்டி வலி. நின்றுவிட்டாள். நான் நடந்து அவளிடம் வந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது.

"அண்ணே, உள்ள பொண்ணு கீதா?" என்று கேட்டாள்.

"கீது" என்றேன்.

சர்க்கரைக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். "நீயே அது வாயில போட்டுடு."

போட்டேனா என்றால் இல்லை. மண்டபத்துக்குப் போனதும் மாப்பிள்ளை வீட்டாருக்குக் காப்பி, உட்கார நாற்காலி என்று ஓடினேன். மணமகள் அறையில் பெண்கள் கூட்டம். கிண்ணத்தை ஒரு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் காலை பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வண்டி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாரும் என்னை டிரைவர் என்று சொல்லவில்லை. நான் கேட்டது கிடைத்தது.

பத்து நாள் கழித்து மண்டி வாசலில் டீ குடிக்கும்போது அந்த மணலி டிரைவர் சொன்னார். தானாகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

"அண்ணே, மனசுல வெச்சிக்கினே இருக்க முடியல. அன்னிக்கு தங்கச்சி கண்ணாடிய எறக்கச் சொல்லிச்சு. அதுவும் பட்டன அமுக்கி அமுக்கிப் பாத்துச்சு. நான் லாக் போட்டு வெச்சிருந்தேன். கற்பூரப் புக உள்ள வந்தா சீட்டு நாறும், மஞ்சத் தண்ணி தெறிச்சா கற போவாதுன்னு. 'அண்ணா, ஒரே ஒரு வூடு, எதிர் வூட்டக்கா மட்டும், நிறுத்துங்க'ன்னுச்சு. எனக்குப் பயம். அந்தம்மா தட்டிகினே ஓடியாந்தாங்க இல்ல, அப்போ தங்கச்சி உள்ளாறேந்து கண்ணாடியில கைய வெச்சிகினே வந்துச்சு."

"அழுதுச்சா?"

"தெரிலண்ணே. யார் மேலயும் இடிச்சிடக்கூடாதுன்னு நான் வண்டியோட கேமரா டிவியவே பாத்துகினு இருந்தேன்."

வண்டி கோயிலிலிருந்து கிளம்பியபோது நான் அதன் பக்கத்தில்தான் நடந்தேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியை நானும் பார்த்தேன். அதில் என் முகமும் புதுச் சட்டையும் தெரிந்தன. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வருவாள், சாப்பிடுவாள், சிரித்துப் பேசுவாள். வண்டிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவளுக்கு ஏழாம் மாதம். வியாசர்பாடியில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நான் அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

"பழசு ஒரு நாள் வேணும்."

அவர் குடோன் சாவியை எடுத்து நீட்டினார். "கொண்டு போவும். சாயங்காலத்துக்குள்ள விட்டுரும். மறுநாளு ஒரு கல்யாணம் கெடக்கு."

முதல் நாள் முழுக்கக் குடோனில் அந்த வண்டியோடு இருந்தேன். ரேடியேட்டரைக் கழுவினேன். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதி மாட்டினேன். சீட்டைத் துடைத்தேன். மேல் துணியை மடித்துத் திறந்துவிட்டேன். பானெட்டுக்குச் சம்மங்கி கட்டினேன். காலையில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டேன். தொப்பியும் வைத்துக்கொண்டேன்.

வியாசர்பாடிக் குடியிருப்பில் நுழைந்ததும் மாடி மாடியாக ஆள் எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளையின் அண்ணன் லுங்கியோடு இறங்கி வந்தான். வண்டியைச் சுற்றி நடந்தான். பானெட்டைத் தடவினான்.

"இன்னா மாமா, ஷூட்டிங்கா? ஆனா சோக்காதான் கீது. அன்னிக்கே இத்த இட்டாந்திருக்கலாம் நீ."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அவனுக்கு ஞாபகமே இல்லை.

மகள் இறங்கி வந்தாள். முழங்கை வரை வளையல். வண்டியைப் பார்த்து நின்றாள். பூவைப் பார்த்தாள். என் தொப்பியைப் பார்த்தாள். மட்கார்டில் கை வைத்தாள். வெயிலில் சுட்டது. எடுத்துக்கொண்டாள்.

"நைனா, இதுல வேணாம்."

"மெதுவா ஓட்டுறேன். மடியில எலுமிச்சம்பயம் வெச்சிக்கோ. உருளாது."

"நீ ஓட்டுவ. எனக்குத் தெரியும். ரோடு பள்ளம் பள்ளமா கீது. இது ஸ்பிரிங்கு வண்டி. தூக்கித் தூக்கிப் போடும். டாக்டரம்மா ஆட்டோவுலயே போவாதன்னுச்சு."

நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றேன். மூட வேண்டும் என்று தோன்றவில்லை.

"அன்னிக்கு கேட்டேன்" என்றாள். "இன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கலியே நைனா."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு கதவை அவளே மூடிவிட்டாள்.

மாப்பிள்ளை போனில் டாக்சி கூப்பிட்டார். சின்ன வெள்ளைக் கார் வந்தது. மகளும் என் மனைவியும் அதில் ஏறினார்கள். பழைய வண்டியை அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. நான் அதை ஓட்டிக்கொண்டு டாக்சியின் பின்னாலேயே போனேன். பின் சீட்டு காலி. பூக்கட்டிய வண்டியைப் பார்த்து ஜனம் ரோட்டோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு சிக்னலில் பைக்கில் வந்த ஒருவன் பலகையில் கால் ஊன்றினான்.

"இன்னா பெர்சு, பொண்ணு எங்க?"

"முன்னால போவுது" என்றேன்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் கண்டெய்னர் லாரி ஒன்று டாக்சிக்கும் எனக்கும் நடுவில் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஊர்ந்து ஊர்ந்து போனோம். தண்ணீர் கொதித்தது. முள் சிவப்புக்குப் போனது. ஓரம் கட்டினேன். துணியை நனைத்துக் குழாயில் சுற்றினேன். பத்து நிமிடம் நின்றேன். டாக்சி கண்ணில் படவில்லை.

எங்கள் தெருவுக்கு வந்தபோது டாக்சி திரும்பிப் போய்விட்டிருந்தது. பெண்கள் இன்னும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எதிர் வீட்டு அக்கா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் வர்றியா அண்ணே? அந்த டாக்சிக்காரன் யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும். வூடு வூடா நிறுத்தினான். கண்ணாடிய எறக்கி தலைய வெளிய நீட்டிகினு எல்லாராண்டயும் சக்கர வாங்கித் துன்னுச்சு உன் பொண்ணு. என்னாண்ட ரெண்டு தபா வாயத் தெறந்துச்சு. நீ பாத்திருக்கணும்."

வீட்டுக்குள் போனேன். மனைவி வாயில் விரல் வைத்தாள். மகள் ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அசந்த தூக்கம். உதட்டோரம் இரண்டு மூன்று சர்க்கரை ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் சுவர் ஓரம் நின்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

வண்டியை ராயபுரத்தில் விட வேண்டும். கிளம்பினேன். மனைவி வாசல் வரை வந்தாள்.

"எந்திரிச்சா இன்னா சொல்லட்டும்?"

எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணியும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். ராயபுரம் வரை ஒரு இடத்திலும் அது நிற்கவில்லை.